பதினான்கு நாள் திருத்தூதர்கள்

மறைபரப்பு என்ற சொல்லுக்கு ஒரு காலத்தில் கப்பலேறுதல் என்று பொருள் இருந்தது. ஏறியவர் திரும்பி வருவார் என்று அவரும் எண்ணவில்லை. துறைமுகத்தில் நின்று கண்ணீர் சிந்திய அவருடைய தாயும் எண்ணவில்லை. இன்று அதே சொல்லுக்குப் போகவரப் பயணச்சீட்டு என்று பொருள் வந்துவிட்டது. புறப்படும் நாளைக் குறிக்கும்போதே திரும்பும் நாளும் குறிக்கப்படுகிறது. இடையிலே கிடைக்கும் பத்துப் பதினான்கு நாளில் ஒரு மக்களுக்கு விவிலியம் கற்பித்துவிடலாம் என்ற நம்பிக்கையோடு குழுக்கள் வானில் பறக்கின்றன.

இவ்வழக்கம் பெரும்பாலும் அமெரிக்கத் திருச்சபைகளில் வளர்ந்தது. 1960-களில் இளைஞர்களைக் கோடை விடுமுறையில் அயல்நாடுகளுக்கு அனுப்பும் அமைப்புகள் சீர்திருத்த சபைகளிடையே பெருகின. கத்தோலிக்கக் கல்லூரிகளும் பங்குகளும் அவ்வழியே நடந்தன. 2005-ஆம் ஆண்டை ஒட்டி, அந்நாட்டிலிருந்து மட்டும் ஆண்டுதோறும் 15 லட்சத்திற்கு மேற்பட்டோர் இத்தகைய பயணங்களில் செல்வதாகச் சமூகவியலார் கணக்கிட்டனர். மெக்சிகோ, ஹோண்டுராஸ், ஹைட்டி, கென்யா, உகாண்டா என்று பட்டியல் நீளும். பயணத்தின் அமைப்பு எங்கும் ஏறத்தாழ ஒன்றே. முதல் இரு நாள் களைப்பாறுதல். பின்பு காலையில் சிறுவர்க்கு விடுமுறை விவிலியப் பள்ளி. மாலையில் பெரியோர்க்குப் போதனை. அருகிலே மொழிபெயர்ப்பாளர் ஒருவர். இறுதியில் ஒரு நாள் விலங்குகள் சரணாலயம் அல்லது கடற்கரை. பிறகு குழந்தைகளை மடியில் வைத்து எடுத்த நிழற்படங்களோடு வீடு திரும்புதல்.

செல்வோரின் நல்லெண்ணத்தை நாம் ஐயுறவில்லை. ஆனால் நல்லெண்ணம் ஒரு செயலுக்குத் தொடக்கமாகலாமேயன்றிச் சான்றிதழ் ஆகாது. 1968 ஏப்ரலில், மெக்சிகோ நாட்டுச் சிற்றூர்களில் கோடைப்பணி செய்வதற்கு ஆயத்தமாயிருந்த அமெரிக்க மாணவர்களிடம் இவான் இல்லிச் என்ற கத்தோலிக்கக் குரு பேசினார். லத்தீன் அமெரிக்காவுக்குச் செல்லும் மறைப்பணியாளர்க்கு ஸ்பானிய மொழியும் பண்பாடும் கற்பிக்கும் நிலையத்தைக் குவெர்னவாக்கா நகரில் நடத்தியவர் அவர். எங்கள் நாட்டைப் பார்க்க வாருங்கள், மலையேற வாருங்கள், படிக்க வாருங்கள். உதவி செய்ய மட்டும் வராதீர்கள் என்பதே அவருடைய பேச்சின் சாரம். அழைத்தவர்கள் முகம் சுளித்திருக்கக்கூடும். ஐம்பது ஆண்டுக்கு மேலாகியும் அந்தப் பேச்சுக்கு நேரான மறுமொழியை எவரும் தந்ததாக நமக்குத் தெரியவில்லை. பயணங்கள்தாம் பெருகியுள்ளன.

மொழியறியாதவன் மறைநூல் கற்பிக்க முற்படும்போது என்ன நிகழும் என்பதை அறிய நாம் மெக்சிகோவுக்குப் போக வேண்டியதில்லை. நம் முத்துக்குளித்துறையிலேயே அது நிகழ்ந்தது. நம் முன்னோரே அங்கு மாணவராய் இருந்தனர். 1542-இல் கோவா வந்த புனித சவேரியார் அவ்வாண்டின் இறுதியில் தூத்துக்குடிக் கடற்கரையை அடைந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் ஓரளவு அறிந்த உள்ளூராரைக் கூட்டி, மிகுந்த உழைப்போடு மன்றாட்டுகளையும் நம்பிக்கை அறிக்கையையும் தமிழாக்கச் செய்து, மனப்பாடம் செய்து, மணியடித்துச் சிறுவரைக் கூட்டிக் கற்பித்தார். அவருடைய தூய்மையை அளக்க நமக்குக் கோல் இல்லை. அவருடைய ஆர்வத்துக்கு நிகரில்லை. ஆயினும் அந்தத் தமிழாக்கத்தில் பிழை புகுந்திருந்தது. “விசுவசிக்கிறேன்” என்று வரவேண்டிய இடத்தில் “எனக்கு வேணும்” என்று மக்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கடவுளை நம்புகிறேன் என்று அறிக்கையிடுவதாக எண்ணி, கடவுள் எனக்கு வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்! (அதுவும் ஒரு நல்ல மன்றாட்டுத்தானே என்று நண்பர் ஒருவர் நம்மிடம் சொன்னதுண்டு. மன்றாட்டு எனில் சரி. நம்பிக்கை அறிக்கை அதுவன்று.)

இப்பிழையை நாம் எப்படி அறிகிறோம்? சவேரியாரே கண்டுபிடித்ததால் அறிகிறோம். 1544-இல் உடன் பணியாளர் மான்சிலாசுக்கு எழுதிய கடிதத்தில், அந்தச் சொல்லை விட்டு விசுவசித்தல் என்னும் சொல்லையே சொல்லுமாறு அவர் திருத்துகிறார். கிறிஸ்துவின் பாடுகளைக் கூறுமிடத்தில் வலுக்கட்டாயத்தால் என்று பொருள்படும் சொல் ஒன்று வந்திருந்ததையும் விலக்கச் சொல்கிறார். ஆண்டவர் தாமே மனமுவந்து பாடுபட்டார் அன்றோ? இத்திருத்தங்களைச் செய்ய அவருக்கு ஓராண்டுக்கு மேல் இக்கடற்கரையில் வெயிலும் மணலும் வேண்டியிருந்தன. மணப்பாட்டிலும் புன்னைக்காயலிலும் மக்களோடு மக்களாய் நடந்ததால்தான் தாம் சொல்வது ஒன்று, கேட்போர் கொள்வது வேறொன்று என்பது அவர் காதுக்கு எட்டியது. பன்னிரண்டாம் நாள் கப்பலேறியிருந்தால்? பிழை இங்கே தங்கியிருக்கும். மனநிறைவு அவரோடு போயிருக்கும்.

சவேரியாருக்கே இப்படியென்றால், நேற்று விமானத்தில் இறங்கி இன்று மொழிபெயர்ப்பாளரின் தோளருகே நின்று உரோமையர் திருமுகத்தை விளக்கும் பத்தொன்பது வயதுக் கல்லூரி மாணவரைப் பற்றி என்ன சொல்வது? அருள், ஏற்புடைமை, உடன்படிக்கை ஆகிய சொற்களை மொழிபெயர்ப்பாளர் எப்படிச் சொன்னார் என்பது அம்மாணவருக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. தெரியாது என்பதும் அவருக்குத் தெரியாது. குருமடத்தில் எபிரேயம் பயின்ற நாட்களில், ஒரே ஒரு சொல்லின் முன் ஒரு வாரம் நின்றவர்கள் நாம். உடன்படிக்கையின் இரக்கத்தைக் குறிக்கும் ‘ஹெசெட்’ என்னும் அச்சொல்லுக்குத் தமிழில் ஈடு தேடி மொழிபெயர்ப்பாளர்கள் பட்ட பாட்டைப் பேராசிரியர் எடுத்துரைப்பார். கத்தோலிக்கரும் பிற சபையாரும் இணைந்து உழைத்து 1995-இல் வெளிவந்த நம் பொது மொழிபெயர்ப்புக்குப் பின்னால், தாய்மொழியாளரான அறிஞர்களின் பல்லாண்டு உழைப்பு இருக்கிறது.

சவேரியாருக்குப் பின் வந்த என்றிக்கே என்றிக்கசு அடிகளாரை நாம் போதுமான அளவு நினைப்பதில்லை. 1547-ஐ ஒட்டி இக்கடற்கரைக்கு வந்தார். 1600-இல் இறக்கும்வரை ஏறத்தாழ அரை நூற்றாண்டு இங்கேயே வாழ்ந்தார். தமிழுக்கு இலக்கணம் எழுதினார். அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ 1578-இல் கொல்லத்தில் அச்சேறியது. பதினாறே பக்கம் கொண்ட நூல். வந்து முப்பது ஆண்டுக்குப் பின்னரே அந்தப் பதினாறு பக்கம் வெளிவந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். நம்முடைய காலத்துக் குழுக்கள் அதைவிடப் பெரிய பாடப்புத்தகத்தைப் பெட்டியில் எடுத்துச் செல்கின்றன. அது எழுதப்பட்டது வேறொரு நாட்டில், வேறு பிள்ளைகளுக்காக.

இன்று பலரும் விரும்பிச் செல்லும் உகாண்டாவின் வரலாற்றையும் சற்றுப் பார்ப்போம். கர்தினால் லவிஜெரியின் ‘வெள்ளைத் தந்தையர்’ 1879-இல் அங்குச் சென்றனர். திருமுழுக்குக்கு முன் நான்கு ஆண்டு ஆயத்தம் வேண்டும் என்பது அவர்களுக்கு அவர் விதித்த ஒழுங்கு. நான்கு ஆண்டு! 1882 இறுதியில் சூழ்நிலை நெருக்கியதால் அவர்கள் நாட்டை விட்டு நீங்கினர், 1885-இல்தான் திரும்பினர். அந்த இடைவெளியில் அங்குள்ள சின்னஞ்சிறு திருச்சபை அழிந்துபோயிருக்க வேண்டும் என்றே எவரும் கருதுவர். அழியவில்லை, வளர்ந்திருந்தது. யோசேப்பு முக்காசா, ஆன்றூ கக்வா, மத்தியாஸ் கலெம்பா முதலிய பொதுநிலையினர் தம் மொழியில், தம் அண்டை வீட்டாருக்கு, தாம் கற்றதைக் கற்பித்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டுகளில் அம்மூவரும் கிறிஸ்துவுக்காக இரத்தம் சிந்தினர். 1964-இல் திருத்தந்தை ஆறாம் பவுல் அவர்களைத் தம் தோழர்களோடு புனிதராக உயர்த்தினார். வேதியர்களின் இரத்தத்தால் எழுந்த அந்தத் திருச்சபைக்கு, ‘நல்ல ஆயன்’ உவமையைப் படம் காட்டி விளக்க நாம் இரண்டு வாரம் போகிறோம் என்பது பெருந்தன்மையா, அறியாமையா?

இந்த அறியாமை யாரைக் காயப்படுத்துகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும். நாம் உதவிப் பங்குத்தந்தையாய் இருந்த காலத்தில், வானம் பார்த்த பூமியில் அமைந்த ஒரு கிளைப்பங்குக்கு வெளிநாட்டுக் குழு ஒன்று ஒன்பது நாள் விவிலிய வகுப்பு நடத்த வந்தது. அவ்வூர் உபதேசியார் இருபத்தெட்டு ஆண்டுகளாக அங்கே மறைக்கல்வி நடத்தியவர். வந்தவர்களில் எவரும் அவரிடம், இப்பிள்ளைகள் எதுவரை கற்றிருக்கிறார்கள் என்று ஒரு சொல் கேட்கவில்லை. நாற்காலி போடுவதும் தண்ணீர்க் குடம் நிரப்புவதும் அவருக்கு ஒதுக்கப்பட்ட பணிகள். நல்ல ஆயன் பகுதியை விருந்தினர் விளக்கினர்: பனிபடர்ந்த மலைச்சரிவு, பஞ்சு போன்ற வெள்ளாட்டுக்குட்டி என்று வண்ணப்படம் சொன்னது, அவர்கள் செம்மறி என்றுதான் சொல்லியிருக்க வேண்டும், மொழிபெயர்த்தவர் வெள்ளாடு என்றார். அதே பகுதியை உபதேசியார் எப்படி நடத்துவார் என்பதை நாம் கேட்டிருக்கிறோம். அறுவடை முடிந்த வயல்களில் கோனார்கள் கிடை போடுவதை அவர் சொல்வார். இரவில் பட்டியின் வாயிலை ஒட்டி ஆயன் குறுக்கே படுத்துக்கொள்வதையும், நரி வந்தால் அவனைத் தாண்டித்தான் போகவேண்டும் என்பதையும் சொல்லி, இயேசு தம்மை வாயில் என்று ஏன் அழைத்தார் என்று பிள்ளைகளிடமே கேட்பார். எந்த விவிலியப் பேராசிரியரும் அதற்குமேல் விளக்கிவிட முடியாது.

ஒன்பது நாளும் வண்ணப் பென்சிலும் இனிப்பும் வழங்கப்பட்டன. குழு சென்ற அடுத்த ஞாயிறு, மறைக்கல்விக்கு வந்த பிள்ளைகளின் தொகை பாதியாகக் குறைந்தது. வந்தவர்களில் ஒரு சிறுமி, “ஐயா, நீங்க எப்ப பென்சில் தருவீங்க?” என்று உபதேசியாரிடம் கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டார். தொகை பழைய நிலைக்கு வர ஓராண்டு ஆயிற்று. அந்தக் குழுவின் அறிக்கையில் எத்தனை பிள்ளைகள் பயன்பெற்றனர் என்று எழுதப்பட்டிருக்கும். அந்த ஓராண்டு எந்த அறிக்கையிலும் இடம்பெற்றிராது.

இதற்கு மறுப்பாக மறைநூலையே எடுத்துக்காட்டுவோர் உண்டு. ஆண்டவர் எழுபத்திரண்டு பேரைக் குறுகிய பயணமாக அனுப்பவில்லையா என்பர். அனுப்பினார், தம் சொந்த நாட்டில், தம் சொந்த மொழி பேசும் ஊர்களுக்கு, பணப்பையும் மிதியடியும் இல்லாமல், கொடுத்ததை உண்டு ஒரே வீட்டில் தங்குமாறு அனுப்பினார். இந்த நிபந்தனைகளோடு இன்று யாரேனும் புறப்பட்டால் நாமே பேருந்து நிலையம்வரை சென்று வழியனுப்புவோம். பவுலடியார் தெசலோனிக்கேயில் மூன்று ஓய்வுநாளே விவாதித்தார் என்பர். கிரேக்கம் அறிந்தவர் கிரேக்கம் பேசும் நகரில் பேசினார், அங்கிருந்து விரட்டப்பட்டார், பிரிந்த பின்னும் மனம் பொறுக்காமல் திமொத்தேயுவை அனுப்பினார், இரு திருமுகங்கள் எழுதினார். வாய்ப்புக் கிடைத்த இடங்களிலோ கொரிந்தில் ஒன்றரை ஆண்டும், எபேசில் மூன்று ஆண்டும் தங்கினார். எத்தியோப்பிய அதிகாரிக்கு எசாயாவை விளக்கிய பிலிப்பைச் சொல்வோரும் உளர். பிலிப்பு தேரில் ஏறுமுன் கேட்டது ஒரு கேள்வி. ஏறியது அழைப்பின் பேரில். தொடங்கியது அந்த மனிதர் ஏற்கெனவே படித்துக்கொண்டிருந்த வரியிலிருந்து.

எல்லாம் போகட்டும், செல்வோருடைய உள்ளமாவது மாறுகிறதே என்பது கடைசி வாதம். மாறட்டும். அதற்குத் தியானம் என்றும் திருப்பயணம் என்றும் பெயர்கள் இருக்கின்றன. அந்தப் பெயரோடு, கற்பவராகச் செல்லுங்கள். ஏழையின் குடிசையை நம் மனமாற்றத்துக்குரிய கருவியாக்கிவிட்டு, அதற்கு அவனுக்குச் செய்யும் தொண்டு என்று பெயர் சூட்டுவது நேர்மையன்று.

பணத்தைப் பற்றி நாகரிகம் கருதி நாம் வாய்திறப்பதில்லை. ஆனால் கணக்கு பேசுகிறது. 1998-இல் மிட்ச் என்னும் பெரும்புயல் ஹோண்டுராஸைச் சிதைத்தது. அதன்பின் அங்குக் கட்டப்பட்ட வீடுகளைக் கர்ட் வெர் பீக் என்ற சமூகவியலார் ஆராய்ந்தார். உள்ளூர்க் கிறிஸ்தவ அமைப்பினர் ஒரு வீட்டை ஏறத்தாழ 2,000 டாலரில் கட்டினர். வெளிநாட்டுக் குழுவினர் வந்து கட்டியபோது, பயணச் செலவையும் சேர்த்தால் ஒரு வீட்டுக்கு ஏறத்தாழ 30,000 டாலர் ஆயிற்று. வீட்டுக்காவது சுவர் மிஞ்சும். விவிலிய வகுப்புக்கு மிஞ்சுவது என்ன? சவேரியார் இவ்விடத்தில் நமக்கு மீண்டும் துணை நிற்கிறார். போர்த்துக்கல் அரசியின் பாதரட்சைச் செலவுக்கென்று இக்கடற்கரை மக்களிடம் திரட்டப்பட்ட பணம் ஒன்று இருந்தது. ஊர்தோறும் மன்றாட்டுகளைக் கற்பிக்கத் தாம் நியமித்திருந்த கணக்கப்பிள்ளைகளின் ஊதியத்துக்கு அப்பணத்தை அவர் கேட்டுப் பெற்றார். தமக்கு இன்னொரு கப்பற்பயணம் கேட்கவில்லை. தாம் போன பின்னும் இருக்கப்போகிறவர் யார் என்பதை அவர் அறிந்திருந்தார்.

திருச்சபையின் போதனையும் இதுவே. இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் நற்செய்திப்பணி ஆணை (1965), அயல்நாடு செல்வோர் அம்மக்களின் மொழியைச் சரளமாகப் பேசுமளவு கற்க வேண்டும் என்கிறது; வேதியர்களுக்கு நேர்மையான ஊதியமும் சமூகப் பாதுகாப்பும் வேண்டும் என்றும் கூறுகிறது. திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1990-இல் எழுதிய மறைப்பணி பற்றிய திருமடல், வாழ்நாள் முழுவதற்குமான அர்ப்பணத்தையே இன்றும் முன்மாதிரியாக வைக்கிறது. 2021-இல் திருத்தந்தை பிரான்சிஸ் வேதியர் பணியைத் திருச்சபையின் நிலையான திருப்பணியாகவே நிறுவினார். ஏடுகளில் இவ்வளவு உயர்ந்தவர், பங்குக் கணக்கேட்டில் எந்த வரியில் இருக்கிறார் என்பதை ஒவ்வொரு பங்குப் பேரவையும் ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம்.

எல்லாப் பயணத்தையும் நாம் ஒரே தராசில் நிறுக்கவில்லை. தமிழர் வாழும் நாடுகளுக்குத் தமிழறிந்த குரு தவக்காலத் தியானம் கொடுக்கச் செல்வது வேறு. ஒரு குருமடம் அழைக்க, விவிலிய அறிஞர் ஒருவர் சென்று, தம்மோடு பொதுமொழி பகிரும் மாணவர்க்கு ஒரு மாதம் பாடம் எடுப்பதும் வேறு. அங்கே அழைப்பு இருக்கிறது, மொழி இருக்கிறது, கேட்போர் எதிர்க்கேள்வி கேட்கும் உரிமையும் இருக்கிறது. கோவாவிலிருந்து 1687-இல் யாழ்ப்பாணம் சென்ற புனித யோசேப் வாஸ் அடிகளாரும் அயல்நாட்டார்தாம். ஒல்லாந்தர் ஆட்சியில் பல்லாண்டுகளாகக் குருவின்றித் தவித்த மக்களிடம் மறைந்து சென்று, அவர்கள் மொழிகளைக் கற்று, 1711-இல் கண்டியில் உயிர் விடும்வரை தாயகம் திரும்பாதிருந்தார். குருவில்லாத அத்தனை ஆண்டும் அங்கே செபமாலையை உயிரோடு வைத்திருந்தவர்கள் அவ்வூர்ப் பொதுநிலையினர் என்பதை அவர் மறக்கவில்லை.

அமெரிக்காவில் தொடங்கிய இந்த ஆசை இப்போது நம் பங்குகளிலும் துளிர்க்கிறது. ஆதலால்தான் இவ்வளவும் எழுத நேர்ந்தது. கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் பன்னிரண்டு நாள் சென்று விவிலிய வகுப்பு நடத்திவரப் பரிந்துரைக் கடிதம் வேண்டும் என்று நம் பங்கின் இளையோர் சிலர் அண்மையில் வந்தனர். நல்ல பிள்ளைகள், பயணச் செலவுக்கு நன்கொடைச் சீட்டும் அச்சிட்டுவிட்டார்கள். அங்கு யார் உங்களை அழைத்தார்கள் என்று கேட்டோம். அழைப்பு இல்லை, ஏற்பாடு செய்யும் முகவர் இருக்கிறார். சுவாகிலி தெரியுமா என்று கேட்டோம்; அங்கே ஆங்கிலம் போதும் என்றார்கள். சிற்றூர்ப் பாட்டிக்கும் போதுமா என்றோம், மௌனம்.

கடிதம் தருவோம் என்று சொல்லியிருக்கிறோம், சில நிபந்தனைகளோடு. அவ்வூர்ப் பங்குத்தந்தையோ வேதியரோ கைப்பட எழுதிய அழைப்பு வரவேண்டும். அவர்கள் மொழியை ஓராண்டாவது படித்திருக்க வேண்டும். அதற்கு முன், ஜூன் முதல் மார்ச் வரை ஒரு ஞாயிறும் தவறாமல் நம் பங்கின் மறைக்கல்வியில் ஒரு வகுப்பை நடத்தி முடித்திருக்க வேண்டும். ஏழாம் வகுப்புக்கு இவ்வாண்டு இன்னும் ஆசிரியர் கிடைக்கவில்லை. இரண்டாம் திருப்பலி முடிந்ததும் வகுப்பு தொடங்கும். முப்பத்தொரு பிள்ளைகள் இருக்கிறார்கள், எல்லாரும் தமிழ் பேசுகிறவர்கள்.